சக்கரத்தில் சந்தனம்

நாள் 611, காலை 07:40

செவ்வாய் கோள், வடதுருவ நிலையம். பதிவு: பூங்கோதை, பனியியல்.

பட்டறை வெப்பநிலை மைனஸ் முப்பது. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்திருக்கிறேன். நேற்று பட்டை ரம்பத்தில், இரண்டு சக்கரங்களில் வளையமாகச் சுற்றும் பிளேடில், ஆறு பாளம் பனிக்கட்டி அறுத்தேன். உருக்கியின் வாய் குறுகல். உடைத்த சில்லுகள் அடைத்துக்கொள்ளும். பாளமாகக் கொடுத்தால்தான் தண்ணீர், தண்ணீரிலிருந்து ஆக்சிஜன். உதிரி பிளேடுகள் தீர்ந்துவிட்டன. மாட்டியிருப்பது கடைசி.

நிலையத்தில் நாங்கள் இருவர். மெக்கானிக் அருணகிரி வானிலைக் கோபுரத்தைச் சரிசெய்துவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

நாள் 611, மாலை 16:05

அருணகிரியிடமிருந்து வானொலியில்: “மேடம், இன்னைக்கு ஆயுத பூஜைங்க. உங்களுக்கு நம்பிக்கை இல்லீன்னு தெரியும். எங்க ஊரு பீளமேட்டுல இன்னைக்கு ஒரு லேத்துப் பட்டறைகூட ஓடாதுங்க. என் பெட்டியில சந்தனப் பொடி இருக்குது. ரம்பத்துக்குப் பொட்டு வெச்சுருங்க. மேல்மூடியில மட்டும் வெச்சு ஏமாத்தாதீங்க, உள்ள சக்கரத்துக்கும் வைங்க. அதுதானுங்க உழைக்குது.”

என் பதில்: “வைக்கிறேன். பொரி கிடையாது.”

இங்கே வந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி. தண்ணீரில் குழைத்து, மூடியைத் திறந்து, இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் தாராளமாக வைத்தேன். இன்று அறுக்கவில்லை.

நாள் 612, காலை 08:20

பிளேடு மடங்கிவிட்டது.

சந்தனம் உறைந்து கல்லாகியிருந்தது. ஓட்டியதும் பிளேடு அந்த மேட்டில் ஏறி, சக்கரத்தைவிட்டு நழுவி, மேசை இடுக்கில் சிக்கியது. போன வருடம் அவர் வைத்தபோது பட்டறை சூடாக இருந்தது, காய்ந்து உதிர்ந்திருக்கும். ஹீட்டரை அணைத்தது அவருக்குத் தெரியாது.

நாள் 612, மதியம் 13:00

இரும்புக் கட்டையில் வைத்து மரச்சுத்தியால் தட்டினேன். ஒரு பக்கம் நேரானால் மறுபக்கம் நெளிகிறது. மறுபடி தட்டினேன். இப்போது ஏறக்குறைய நேர். ஆனால் மடிந்த இடத்தில், பல்லுக்கு அடியில், முடியளவு விரிசல்.

நாள் 613, காலை 10:30

மெதுவாக ஓட்டினேன். ஒரு பாளம் முழுதாக வந்தது. அடுத்ததின் பாதியில் பிளேடு அறுந்து சுவரில் அடித்தது. மூன்று துண்டு. பற்றவைக்கும் கருவி கேட்டுப் பூமிக்கு இரண்டு முறை எழுதினோம். அவசியமில்லை என்று பதில் வந்தது.

கைரம்பத்தில் முயன்றேன். அறுக்க நான் இழுக்கும் மூச்சு, அறுத்த பனி தரும் காற்றைவிட அதிகம்.

நிவாரணக் கலம் வர ஏழு வாரம். தொட்டியில் இருக்கும் ஆக்சிஜன் அதுவரை ஒருவருக்குப் போதும். இருவருக்குப் பாதிக்காலம்தான் வரும். வண்டியில் இருப்பது அவர் இங்கே வந்துசேர மட்டும்.

கதவை உள்ளிருந்து பூட்டலாம். யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நாள் 614, மாலை 17:15

அருணகிரியிடமிருந்து: “மேடம், ரம்பம் எப்படிங்க? பொட்டு வெச்சாச்சுல்ல, இனி அல்வா மாதிரி அறுக்கும் பாருங்க. காலைல வந்துருவனுங்க. டீயில ரெண்டு ஸ்பூன் சக்கரை. சிக்கனம்னு ஒண்ணோட நிறுத்தீராதீங்க.”

“அல்வா மாதிரிதான் அறுக்கிறது” என்று வானொலியில் சொன்னேன். குரல் சரியாக இருந்ததா தெரியவில்லை. அவர் சிரித்தார்.

பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

நாள் 615, காலை 06:10

மேட்டுக்கு அப்பால் வண்டி விளக்கு.

சக்கரங்களைச் சுரண்டித் துடைத்துவிட்டேன். மேல்மூடிப் பொட்டை விட்டுவைத்திருக்கிறேன்.

பழைய பதிவை அழிக்க இந்தக் கருவி விடவில்லை. ஆகவே திருத்தம். நாள் 612, காலை. பிளேடு மடங்கக் காரணம் சந்தனம் அல்ல. ஹீட்டரை நான் அணைத்ததால் குளிரில் எஃகு பலவீனமானது. முதலில் எழுதியது அவசரத்தில் எழுதிய ஊகம். சோதித்துப் பார்த்துவிட்டேன். சந்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆய்வாளர் என்ற முறையில் உறுதி செய்கிறேன்.

அருணகிரி, தொட்டி முள் சரியாகத்தான் காட்டுகிறது. தட்டிப் பார்க்க வேண்டாம். ஒருவருக்குப் போதும். நான் பனிப்பக்கம் நடக்கிறேன். என்னைத் தேடி வெளியே வந்து காற்றை வீணாக்காதீர்கள்.

டீ மூடி வைத்திருக்கிறேன். இரண்டு ஸ்பூன் போட்டிருக்கிறேன். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.