ஒன்பது வீட்டு நடை

லாத்தா,

காலையிலிருந்து இந்த ஈரச் சுண்ணாம்பு வாடை என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், அடுப்படிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வருகிறேன். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே சுவரில் இருக்கிற வாசலைச் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். தலத்தெருக் கொத்தனார் அந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறார். கரண்டிச் சத்தம் இந்தப் பக்கம் என் பல்லில் வந்து கேட்கிறது.

உங்கள் வீட்டை வாங்கினவர்கள் வெளியூர்க்காரர்கள். அந்த வீட்டம்மா நல்ல மாதிரிதான். "நடுச்சுவத்துல ஓட்டைய வச்சிக்கிட்டு எப்படிங்க குடியிருக்கிறது?" என்று கேட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். இந்த வரிசையில் ஒன்பது வீடு, தெரு ஆம்பிளைகளுக்கு, நமக்கு இந்த உள்வாசல்தான், உங்கள் வீட்டில் நுழைந்தால் ஒன்பதாம் வீடு வரைக்கும் வெயில் படாமல், வேற்றாள் கண்ணில் படாமல் போய் வரலாம் என்றேன். "அவ்வளவு தூரம் போயி என்னங்க செய்யிறது?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரிடம் சொல்ல முடியாததை, கூடப் பிறக்காத அக்கா உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்றும் அந்தக் காலம் அந்தக் காலம் என்று மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். அந்த வாசல் நமக்கு வெறும் வாசலா? உங்கள் தராசு அல்லவா அது.

உங்கள் முட்டி வலிக்காக அந்த வெள்ளைக்கார டாக்டரிடம் போன நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு மாட்டு வண்டியிலிருந்து இறங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அவர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். கம்பவுண்டர் அதைத் தமிழில் சுருக்கினார்.

"முட்டி தேஞ்சிருக்குன்னு சொல்றாங்கம்மா. மேல இருக்கிற பாரம் கொறஞ்சா அது பொழைக்கும். வலிக்குதுன்னு படுத்தே கெடந்தீங்கன்னா ரெண்டு காலும் போயிடும். நடங்க. கொஞ்சங் கொஞ்சமா, வுடாம."

நீங்கள் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "நடந்தா சுஜூது செய்யலாமா?"

கம்பவுண்டருக்கு விளங்கவில்லை. "மண்டி போட்டு, நெத்திய தரையில வச்சுத் தொழணும்னு கேக்குறாங்க" என்று நான் சொன்னேன். அவர் கேட்டுச் சொன்னார்: "இப்ப மண்டி போடவே கூடாதாம். பாரம் கொறையட்டும், தொடையில பலம் வரட்டும், அப்புறம் பாக்கலாமாம்."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதானே நீங்கள் நடக்க ஆரம்பித்தீர்கள். இரண்டு வருடமாக முக்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தீர்கள். மார்க்கம் படித்த ஆலிம்சா வீட்டில் கேட்டனுப்பியபோது, முடியாதவர்களுக்கு அது போதும், அல்லாஹ் குறை பிடிக்கமாட்டான் என்று பதில் வந்தது. "அவன் புடிக்கமாட்டான் புள்ள. எனக்குத்தான் ஆசை. தரை அங்க இருக்கு, என் நெத்தி இங்க இருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினீர்கள். ஒரு முழம்தான் இருக்கும். நான் பக்கத்தில் பாயில் நின்று தொழுவேன். சுஜூதுக்குப் போவேன், அடுத்த மூச்சில் எழும்பிவிடுவேன். சலாம் கொடுத்து முடிப்பதற்குள் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள்.

"கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு எழும்புறே. முட்டி ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு ஒனக்கு. கொஞ்சம் இருந்தா என்ன?"

"வேலை கெடக்கு லாத்தா."

"எனக்குத் தெரியாத வேலை."

அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கடற்கரைப் பக்கம் காலையில் நடக்கலாமே என்று கம்பவுண்டர் சொன்னதற்கு, வண்டியில் வரும்போது இரண்டு பேரும் துப்பட்டிக்குள் சிரித்துக்கொண்டே வந்தோம். நம் வீட்டுப் பெண்கள் கடற்கரையில் வேகு வேகென்று நடந்தால் சைகோனில் பிழைப்புக்குப் போயிருக்கும் நம் வீட்டுக்கார மச்சான்மார் வரைக்கும் தந்தி போயிருக்கும். அதனால்தான் ஒன்பது வீடு. உங்கள் வீட்டில் ஆரம்பித்து, என் வீடு, அடுத்த வீடு என்று கடைசி வரை போய்த் திரும்புவது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிலைப்படி. நல்ல காலை முதலில் தூக்கி வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலை இழுப்பீர்கள். முதல் வாரம் மூன்று வீட்டைத் தாண்டவில்லை. நடை முடிந்ததும் நொச்சி இலை வதக்கி ஒத்தடம். அப்புறம் கட்டிலில் நீட்டிப் படுத்து, காலை மடக்காமல் தூக்கிப் பத்து எண்ணுகிற வரை நிறுத்த வேண்டும். எண்ணுவது என் வேலை. "நீ எண்ணுனது பத்து இல்ல, ஆறு. மறுபடி எண்ணு" என்பீர்கள். வலியில் உதடு வெளுத்திருக்கும், ஆனாலும் கணக்கில் என்னை விடமாட்டீர்கள்.

நம் இரண்டு வீட்டு வாசல்தான் தெருவிலேயே ஒடுக்கம். குழம்புச் சட்டி மாற்றிக்கொள்ளப் போதும் என்று என் மாமனார் வைத்தது. நீங்கள் அதில் ஒருக்களித்துத்தான் நுழைவீர்கள். நேராக நுழைகிற நாள்தான் நமக்குக் கெடு என்று நீங்களே சொன்னீர்கள். அரிசி மண்டித் தராசில் போயா ஏறி நிற்க முடியும்?

நாற்பது நாள் நடந்தோம். நாற்பதாம் நாள் ஒருக்களித்தும் நுழைய முடியவில்லை. உங்கள் குப்பாயச் சட்டை நிலைச்சட்டத்தில் மாட்டிக்கொண்டது. நான் இந்தப் பக்கமிருந்து இழுக்கிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரிக்கச் சிரிக்க இன்னும் இறுகுகிறது. ஒரு வழியாக வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

"நடக்கச் சொன்னா, நான் தின்னுக்கிட்டில்ல வந்திருக்கேன்."

உண்மை அதுதான். மூன்றாம் வீட்டில் நுழைந்தால் வட்டலப்பம். நாலாம் வீட்டில் கருக்களாச்சேரி இறால் போட்ட வாடா, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. ஆறாம் வீட்டில் தம்ரூட். ஏழாம் வீட்டு மாமி, "முட்டி நோவோட வந்திருக்கே, பசியாறாமப் போவியா" என்று பலகையைப் போட்டுவிடுவார். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. நான் நின்றுகொண்டே வாயில் போட்டு விழுங்கிவிட்டு ஓடுகிறவள், எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு ஒட்டியது.

"வேணாம்னு சொல்லுங்களேன்" என்றேன். "அவங்க மொகம் வாடுறதப் பாத்துட்டு எப்படிப் புள்ள சொல்லுறது?" என்றீர்கள். மறுநாள் நானே நாலாம் வீட்டில் போய், "எங்க லாத்தாவுக்கு இனிமே ஒண்ணும் குடுக்காதீங்க" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் என்னோடு பத்து நாள் பேசவில்லை. உங்களுக்கு மட்டும் இரண்டு வாடா கூட வைத்தார்கள்.

நோன்பு யோசனை உங்களுடையது. திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது, ஒன்பது வீட்டு நடையை அந்த இரண்டு நாளில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்வது, மற்ற நாளில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்குமாகவே நடந்துகொள்வது. "நோன்பாளி வாயில எவ ஊட்டுவான்னு பாக்குறேன்" என்றீர்கள்.

எனக்குத்தான் நாக்கு நிற்காதே. "இது அல்லாவுக்கு வைக்கிற நோன்பா, இளைக்கிறதுக்கு வைக்கிற நோன்பா?" என்று சீண்டினேன். நீங்கள் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னீர்கள்: "அவனுக்குத்தான். அவன் முன்னாடி குனியத்தானே இளைக்கணும்."

முதல் திங்கட்கிழமை எந்த வீட்டிலும் பலகை போடவில்லை. நாம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம். நோன்பு திறக்கிற மகரிபு பாங்குக்கு முன்னால் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது தட்டு. நோன்பாளிக்குக் கொடுத்தால் கொடுத்தவர்களுக்கும் நன்மை என்று எல்லோருக்கும் தெரியும்தானே. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தவர்கள் அன்று மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். ஏழு தட்டு, மூடித் துணியோடு. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஒரு பேரீச்சம்பழம் தின்று ஒரு கோப்பைக் கஞ்சி குடித்துவிட்டு, தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வெறுந்தட்டத் திருப்பக் கூடாதுல்ல புள்ள?"

"கூடாது."

"அப்ப எந்திரி."

மகரிபு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். தட்டு என் கையில், உங்கள் கை என் தோளில். மூன்றாம் வீட்டு வட்டலப்பம் நாலாம் வீட்டுக்கு, நாலாம் வீட்டு வாடா ஐந்தாம் வீட்டுக்கு. ஒரு நாளில் இரண்டு நடை. அவசரத்தில் ஒரு தடவை ஆறாம் வீட்டுத் தம்ரூட்டை ஆறாம் வீட்டுக்கே நீட்டிவிட்டேன். அந்த மாமி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, "என் கைப் பக்குவமாவே இருக்கே, யாரு செஞ்சா?" என்று கேட்டார். நீங்கள் என் தோளைக் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. பெருநாளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது மற்ற ஏழு வீட்டுப் பெண்களுக்கும் துணி கூடப் பிடித்தது. இளைத்தது நீங்கள் ஒருவர்தான்.

அந்த வருடம் மாங்கனித் திருவிழாக் கூட்டம் ஊரெல்லாம் நிறைந்திருந்த நாள். நான் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். "இங்க பாரு" என்று கூப்பிட்டீர்கள். வாசலில் நேராக நின்றீர்கள். இரண்டு தோளுக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம். படியைத் தாண்டி, என் தோளைத் தேடாமல், நேராக நடந்து வந்தீர்கள். நான் மீன் கையோடு உங்களைக் கட்டிக்கொண்டேன்.

அன்று அஸருக்கு என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, முட்டி வைக்கிற இடத்தில் தலையணை போட்டோம். தூணைப் பிடித்து இறங்கினீர்கள். சுஜூதுக்குப் போனீர்கள். நான் வழக்கம்போல் கொத்திவிட்டு எழும்பினேன். நீங்கள் எழும்பவில்லை. நான் தொழுது முடித்து சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்க்கிறேன், நெற்றி பாயிலேயே இருக்கிறது. மூச்சு வருகிறதா என்று முதுகைப் பார்க்கிறேன். கூப்பிடவும் கூடாது, தொடவும் கூடாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்ட பாட்டுக்கு நீங்கள் எனக்குக் கடன். ஒரு வழியாக முடித்து முகத்தைத் திருப்பினீர்கள். மூக்கு நுனி வரைக்கும் ஈரம்.

"என்ன லாத்தா, எழும்ப முடியலியா?"

"முடிஞ்சிது. மனசு வரல."

பாயிலிருந்து உங்களை எழுப்பி நிறுத்த மூன்றாம் வீட்டு மாமியும் வர வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

முட்டி குணமாகிவிட்டது என்று நான் பொய் எழுதமாட்டேன். மழைக்கு முன்னால் வலித்தது, படியில் பிடித்தது. ஒரு நாளைக்கு ஒரு தொழுகை தரையில், மற்றது முக்காலியில் என்று நீங்களே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள். மூன்று வருடம் நடையையும் விடவில்லை, அந்த அஸரையும் விடவில்லை. போன ஐப்பசியில் வந்த காய்ச்சலுக்கும் முட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைசி வாரம் கட்டிலில் கிடந்தபடியே என்னிடம் சொன்னீர்கள்: "ஒரு சுஜூதுல எனக்காகக் கொஞ்சம் கூட இரு. ஓடிடாத."

நான் ஓடிவிட்டேன், லாத்தா. நீங்கள் கண்ணை மூடிய பிறகு எந்த வீட்டுப் பக்கமும் நடக்கவில்லை. தனியாக நடந்தால் ஏழாம் வீட்டில் உங்களைப் பற்றிப் பேச்செடுப்பார்கள், எனக்குத் தாங்காது. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன், கிடைத்ததைத் தின்றேன். தொழுகையில் இன்னும் மோசம். நெற்றி தரையில் பட்டதும் உங்கள் நினைப்பு வந்துவிடும், உடனே எழும்பிவிடுவேன்.

இன்று காலை கொத்தனார் வருவதற்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை போய்வருவோம் என்று அந்த வாசலில் நுழைந்தேன். இரண்டு தோளும் உரசியது. ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. அந்தப் பக்கப் படியில் காலை வைத்ததும் வலது முட்டியில் சொடக்கென்று ஒரு சத்தம். வெறும் வீட்டில் நின்று அதைத் தடவிக்கொண்டே உங்களை நன்றாகத் திட்டினேன். பிறகு அழுதேன்.

இப்போது வாசல் பாதிக்கு மேல் அடைபட்டுவிட்டது. நாளையிலிருந்து என் வீடுதான் முதல் வீடு. இங்கிருந்து ஒன்பதாம் வீடு வரைக்கும் வழி இருக்கிறது. புது வீட்டம்மாவுக்கு ஒரு தட்டு வாடா அனுப்பியிருக்கிறேன், தெருப் பக்கமாக. தட்டு எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்போம்.

கரண்டிச் சத்தத்துக்கு நடுவிலேயே அஸர் தொழுதேன். கடைசி சுஜூதில் நெற்றி வைத்ததும் வழக்கம்போல் உடம்பு எழும்பப் பார்த்தது. விடவில்லை. உங்கள் கையை என் தோளில் வைத்துக்கொண்டு முதல் வாசலிலிருந்து மனதுக்குள் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாம் வீடு, படி, நல்ல காலை முதலில். நாலாம் வீடு, வாடா வாசனை. தொழுகையில் மனசு இப்படி ஊர் சுற்றக் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கத் தெரிந்த வழி இது ஒன்றுதான், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

ஐந்தாம் வீட்டுப் படியில் முட்டி குத்தியது. நான் எழும்பவில்லை, லாத்தா.