எழுநூறு கிலோமீட்டருக்குக் கீழே ஒரு மூக்குத்தி

மார்ச் 3

இடது கால் சாக்ஸ் கிடைக்கவில்லை. மூன்று அறை வீட்டில் ஒரு சாக்ஸைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத நான்தான், எழுநூறு கிலோமீட்டர் மேலே சுற்றுகிற செயற்கைக்கோளின் ரேடாரை வைத்துக்கொண்டு, உறைந்த கடலில் ஐஸ் எவ்வளவு கனம் என்று வரைபடம் போடுகிறவன். பச்சை என்றால் வண்டி போகலாம். மஞ்சள் என்றால் நடந்து போகலாம். சிவப்பு என்றால் உயில் எழுதிவிட்டுப் போகலாம்.

வீட்டுக்காரி பதினோரு நாளாக அந்த ஐஸின் மேல்தான் கூடாரம் போட்டிருக்கிறாள். அவளும் இதே துறை. நான் மேலே இருந்து பார்ப்பதை அவள் கீழே தோண்டிப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருட இல்லறத்தையும் இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மார்ச் 5

ரேடாராலேயே படம் எடுக்கிற இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து இன்று படம் வந்தது. கடல் முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. கூடாரத்துக்குப் பக்கத்தில் மூன்று உலோகத் தகடுகளை ஒரு மூலை மாதிரி சேர்த்து நட்டிருக்கிறார்கள். ரேடார் அலை அதில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடும். அங்கே சூறைக்காற்று, நீட்டிய கை தெரியாத அளவுக்குப் பனி பறக்கிறதாம். புள்ளி மட்டும் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன்.

"அம்மா மூக்குத்தி மாதிரி இருக்குப்பா."

பிறகு இருவரும் வெகு நேரம் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 8

சாட்டிலைட் போனில் ஆறு நிமிடம்.

"ஏங்க, கூடாரத்துக்குக் கிழக்கால குழி தோண்டிப் பாத்தேன். அது இந்த வருஷம் உறைஞ்ச புது ஐஸ். அது மேல முழங்கால் அளவு பனி. மேலாக்க எல்லாம் சர்க்கரை மாதிரி உதிருது. ஐஸை ஒட்டி இருக்கிற பனி மட்டும் உப்பு கரிக்குது."

"அதை எதுக்கு நக்கிப் பாத்தே?"

"உப்பு பாக்கற மீட்டர் உறைஞ்சுபோச்சு. நாக்கு உறையல."

"உன் நாக்காவது, உறையறதாவது."

"சிரிச்சது போதும். எழுதி வைங்க."

எழுதி வைக்கவில்லை. கேன்டீனில் சொன்னேன்: "இருபத்திரண்டு வருஷமா என் சமையல்ல உப்பு தூக்கல்னு சொல்லிட்டிருந்தா. இப்ப கடலையே சொல்ல ஆரம்பிச்சிட்டா." மேசையே குலுங்கியது. எதிர் மேசைக்காரருக்கு டீ மூக்கு வழியாக வந்தது. எனக்குப் பரம திருப்தி.

மார்ச் 9

சாக்ஸ் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. காரணம் கேட்கக் கூடாது.

மார்ச் 11

முகாமிலிருந்து மின்னஞ்சல். வருகிற வியாழன், பதினான்காம் தேதி, கிழக்கே பதினெட்டு கிலோமீட்டர் போகிறார்களாம். சங்கிலிச் சக்கர வண்டி, சுமையோடு ஐந்து டன். ஐஸ் தொண்ணூறு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். என் வரைபடத்தில் வழி நெடுகப் பச்சை, நூற்று நான்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், மாப்பிள்ளை மிடுக்கோடு.

மார்ச் 12

காலையில் முட்டை பொரிக்கப் போனேன். உப்பு ஜாடியை நான்தான் மூடாமல் விட்டிருக்கிறேன். உப்பு நீர்த்துப்போய்க் கிடந்தது. கரண்டியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். முட்டை கரிந்தது.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். காய்ந்த பனிக்குள் ரேடார் புகுந்து போகும். அடியில் ஐஸில் முட்டித் திரும்பும். தண்ணீருக்கு மேலே ஐஸ் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரியும். முழுக் கனம் சுமார் அதைப்போலப் பத்து மடங்கு. என் பிழைப்பே அவ்வளவுதான்.

ஆனால் பனியில் உப்பு ஏறியிருந்தால்? உப்பு இருக்கிற இடம் எத்தனை குளிரிலும் முழுசாக உறையாது, ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ரேடார் ஐஸ் வரைக்கும் போகாது, அந்த ஈரத்திலேயே முட்டித் திரும்பும். நான் அதை ஐஸ் என்று எண்ணிக்கொள்வேன். பிசகு என்னவோ இரண்டு விரற்கடைதான், நாலு சென்டிமீட்டர். பத்தால் பெருக்கினால் நாற்பது.

அப்போ நூத்தி நாலு இல்லையே. அறுபத்துச் சொச்சம்.

இல்லாத ஐஸுக்குப் பச்சை அடிச்சு வச்சிருக்கேன். அவ சொன்னா. எழுதி வைங்கன்னு சொன்னா. நான் என்ன பண்ணேன்? ஊரைச் சிரிக்க வச்சேன்.

மார்ச் 13

நேற்றே மேலதிகாரியிடம் போனேன். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். நாங்கள் வைத்திருக்கிற பெயர் தராசு.

"நீங்க கேன்டீன்ல சொன்ன ஜோக் தானே இது?"

"ஜோக் இல்ல மேடம். அதுதான் விஷயம்."

"மூணு வருஷ மேப்பும் இதே முறையில போட்டதுதான். கப்பல்காரங்க எல்லாம் அதை நம்பிப் போறாங்க. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து."

"ஆமா மேடம்."

அழகான கையெழுத்து என்று சொல்ல நாக்கு துடித்தது. இருபது வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக அடக்கிவிட்டேன். அவர் போனை எடுத்தார். முகாமில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி சூறை. செய்தி அனுப்பினோம், போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. இன்று ஒன்பது முறை கூப்பிட்டாயிற்று.

உப்பு தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். தின்றவள் பேச்சைக் கேட்காதவன் என்ன குடிக்க வேண்டும்?

மார்ச் 14

எடுக்கல.

மகள் கேட்டாள். சூறை என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மார்ச் 15

காலை ஒன்பதே காலுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"சூறை நின்னு வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போதுதான் செய்தி வந்துது. வண்டிய விட்டுட்டு நடந்து போய்த் துளை போட்டோம். அறுபத்தி ஒண்ணு. உங்க மேப்ல நூத்தி நாலு. கிழக்கே போகல. நாங்க இருக்கிறது பழைய ஐஸ், ரெண்டு மீட்டர், பயப்படாதீங்க. சாப்பிட்டீங்களா?"

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது எதிர் மேசைக்காரர் டீ வாங்கி வைத்திருந்தார்.

மார்ச் 18

புதுப் படம். நான் பச்சை அடித்த வழிக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. கோடு இல்லை, தண்ணீர். ஐஸ் பிளந்திருக்கிறது. முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் வாய் திறந்திருக்கிறது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதற்கு மேற்கே, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மூக்குத்தி அப்படியே ஜொலிக்கிறது.

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கடல் தன் உப்பை ஓசையில்லாமல், மயிரிழை மயிரிழையாக, மேலே கிடக்கிற பனிக்குள் ஏற்றுகிறது. வானத்திலிருந்து வருகிற அலையை அந்த இரண்டு விரற்கடை உப்பு தடுத்து நிறுத்திவிடுகிறது. இத்தனை கருவிகளும், இத்தனை படித்த நாங்களும் அதை ஐஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பூமியிலேயே ஒரு நாக்குக்குத்தான் தெரிந்திருந்தது.

மார்ச் 21

மூன்று வருட வரைபடங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டோம். கப்பல்காரர்களுக்கான கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார் தராசு. எழுதினேன். அதில் ஒரு நகைச்சுவைகூட இல்லை. கேன்டீனில் "என்ன சார், இன்னிக்குக் கதை இல்லையா?" என்றார்கள். அந்தப் பழைய கதையைத்தான் சொன்னேன், இந்தத் தடவை முடிவோடு சேர்த்து.

ஏப்ரல் 9

இன்றைய படத்தில் புள்ளி இல்லை. கிளம்பும்போது தகடுகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் குடைகளோடு சாய்ந்து நிற்கின்றன. அவள் மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கிறது. மகள் அவளைவிட்டு நகர மறுக்கிறாள்.

சூப் வைத்தேன். ஒரு வாய் எடுத்துவிட்டு, "உப்பு தூக்கல்" என்றாள்.

எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.