பதில் வராத வீட்டுக்கு அரிசி

அண்ணே,

போன வாரம் தேனி ஆசுபத்திரியில் என் மானம் போய்விட்டது. ஊசி போட்டுக்கொள்ளச் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கண் அசந்துவிட்டது. உள்ளேயிருந்து நர்சம்மா "கருப்பையா!" என்று கூப்பிட்டதும் துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி நிமிர்ந்து நின்று, கட்டடம் அதிரச் சொன்னேன்:

"இருக்கேன்யா! வீட்டுல எல்லாரும் சொகம்! பேத்திக்கு மட்டும் சளி! வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்கு!"

அந்த அம்மா ஊசியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தது. "பெரியவரே, ஆட்டுக்கும் சேத்துச் சீட்டு வாங்கியிருக்கீகளா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய. ஆனால் அத்தனை சிரிப்புக்கு நடுவிலும் எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. "சத்தம் பத்தலப்பா" என்றீர்கள்.

அன்றிலிருந்து உங்களுக்கு எழுதவேண்டும் என்று இருந்தது. நீங்கள் இருக்கும்போதே எழுதியிருந்தால் தபால்காரருக்காவது வேலை இருந்திருக்கும்.

இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை. விடியுமுன் தப்பு அடித்ததும் ஆணும் பெண்ணும் களத்தில் வந்து நிற்கவேண்டும். நீங்கள் பேர் சொன்னால் "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும். அதற்குத்தான் பெரட்டு என்று பேர். பதில் வராதவனுக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அந்தக் காலத்தில் உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாங்கள் உங்களுக்கு வைத்திருந்த பட்டப்பேரை இப்போதும் எழுத மாட்டேன். உங்களைப் புதைத்த இடம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் இரண்டு அரசாங்கமும் பேசி எங்களைப் பங்கு பிரித்தன. நானும், நீங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிற என் பெண்டாட்டியும் இந்தியாவின் பங்கு. மருமகன் பேர் அந்தப் பக்கத்துப் பங்கில் இருந்ததால் எங்கள் ஒரே மகள் தெய்வானை அங்கேயே நின்றுவிட்டாள். கப்பலேறி வந்து, தாத்தா பிறந்த ஊர் என்று சின்னமனூருக்குப் போய் உறவைத் தேடினேன். ஒரு வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். காப்பி ஆறுமுன்பே "கடைசி பஸ்ஸு எத்தனைக்குன்னு தெரியும்ல?" என்று கேட்டார்கள். அத்தோடு அந்த உறவு பஸ்ஸேறியது.

கடைசியில் நீங்களும் நாங்களும் ஆண்டிபட்டி ரோட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகளில் வந்து விழுந்தோம். பாதிப் பேர் நூல் மில்லுக்கு, பாதிப் பேர் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்க. எட்டாவது படித்தவன் என்பதால் எனக்குப் பெரிய உத்தியோகம்: பருத்தி அரைவை மில்லில் வாட்ச்மேன். பஞ்சு எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருசம் மேற்கோடி வீட்டில் அடுப்பு எரியாமலே கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். கேட்க வெட்கம். நமக்குத் தெரிந்தபோது அந்த வீட்டுக் கைக்குழந்தை போய்விட்டது. மறு ஞாயிற்றுக்கிழமை தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாரையும் கூட்டி நிறுத்தினீர்கள்.

"இனி ஞாயித்துக்கிழமைதோறும் பெரட்டு. பேரு சொன்னா பதில் வரணும். பதிலோட வீட்டுச் சேதியும் வரணும், நல்லதோ கெட்டதோ."

"இங்கனயும் சம்பளம் வெட்டுவீகளாண்ணே?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அந்த யாரோ நான்தான்.

"வெட்ட மாட்டேன். பதில் வராத வீட்டுக்கு அரிசி வரும்."

அப்படித்தான் பிடி அரிசி தொடங்கியது. தினம் உலை வைக்குமுன் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பது. ஞாயிற்றுக்கிழமை யார் பேருக்குப் பதில் வரவில்லையோ அந்த வீட்டுக்கு மத்தியானத்துக்குள் பெண்கள் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. "கேட்டா அவுக ரெண்டாந்தடவ கதவச் சாத்திக்கிருவாக" என்றீர்கள்.

நான் ஒருதரம் தூங்கிவிட்டு வராமல் போனேன். மத்தியானம் கண் விழித்தால் மூன்று பொம்பளைகள் வாசலில் அரிசியை வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். உங்கள் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "இந்த மனுசனுக்குத் தூக்கம்தான் நோக்காடு. அதுக்கு அரிசி வாங்குன மொத ஆளு நீங்கதான்யா." ரோட்டுமுனை டீக்கடையில் ஒரு மாசம் என் பேர் அரிசிக் கருப்பையா.

அக்கரையில் நின்றுபோனவர்கள் பேரையும் நீங்கள் விடவில்லை. கடுதாசி வந்த வீட்டுக்காரர்கள் அவர்களுக்காகப் பதில் சொன்னார்கள். "தெய்வானை!" என்பீர்கள். "இருக்கா! ரெண்டாவது புள்ள உண்டாயிருக்கா!" என்பேன். நாற்பது வீடும் கேட்டுச் சந்தோசப்படும். பேப்பரில் வராத சேதி எல்லாம் நமக்குத் தண்ணித் தொட்டிக்கிட்டேதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு எண்பத்து மூணு ஆடி. கொழும்பு எரிகிறது என்று டீக்கடை ரேடியோவில் கேட்டோம். அடுத்த நாள் மலைப்பக்கத்துப் பட்டணங்களும் என்றார்கள். கடுதாசி நின்றுபோனது. டீக்கடைக்காரர் உள்ளூர்க்காரர், நம்மைச் சிலோன்காரக என்று கேலி பேசுகிறவர்தான். அந்த நாட்களில் மட்டும் நான் போனால் பாட்டை நிறுத்திவிட்டுச் சேதிக்குத் திருப்பிவைப்பார். "பயப்படாதீகண்ணே. தோட்டத்துப் பக்கம் அம்புட்டா இல்லேன்னு சொன்னாக" என்பார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அப்படிச் சொன்ன ஆளை அவர் தேடவேண்டியிருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் "தெய்வானை" என்றபோது "இருக்கா" என்று சொல்லிவிட்டேன். சேதி எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த வாரமும் சொன்னேன், ஆனால் குரல் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது. அதற்கடுத்த வாரம் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஒருமுறைக்கு மேல் யார் பேரையும் கூப்பிடாத நீங்கள் அன்றைக்கு இரண்டாம் முறையும் "தெய்வானை" என்றீர்கள். நான் தண்ணித் தொட்டியின் பாசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அடுத்த பேருக்குப் போய்விட்டீர்கள்.

வீட்டுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. உங்கள் தங்கச்சி அந்த வாரம் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். என்ன சொன்னீக என்று கேட்பாள். டீக்கடையிலேயே பொழுதைக் கழித்தேன். பதில் சொல்லாத வீட்டுக்கு அரிசி போகும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

அரிசி போய்விட்டது. பத்துப் பதினைந்து பொம்பளைகள், எல்லார் கண்ணும் சிவந்து, வாசலில் வந்து சத்தமில்லாமல் அரிசியை வைத்திருக்கிறார்கள். படுத்திருந்தவள் எழுந்து பார்த்தாள். "என்னாத்தா? என்னா சேதி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். வாயைத் திறக்கக்கூடாது என்பதுதானே சட்டம். ஒருத்தியும் பேசவில்லை. அதைவிட வேறு சேதி வேண்டுமா அவளுக்கு? "அடி ஆத்தா தெய்வானே!" என்று மாரில் அறைந்துகொண்டு விழுந்தாள். அவள் அழுததைப் பார்த்து, ஓகோ இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவர்களும் விழுந்தார்கள்.

நான் டீக்கடையிலிருந்து திரும்பும்போது என் வீட்டுப் பக்கம் ஒப்பாரி. நான் மில்லுப் பக்கம் போயிருப்பேன் என்று நினைத்துத் தந்தியை வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். ரோட்டிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நான் மண்ணில் கிடப்பதைப் பார்த்து உள்ளே இருந்த ஒன்றிரண்டு சந்தேகமும் தீர்ந்து ஒப்பாரி இரண்டு மடங்காகியது.

அப்போதுதான் நீங்கள் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தீர்கள். "நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! யாரு சேதி சொன்னா?"

பொம்பளைகள் உங்கள் தங்கச்சியைக் காட்டினார்கள். அவள் அரிசியைக் காட்டினாள். எல்லாரும் சேர்ந்து என்னைக் காட்டினார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே!"

"அதான்யா! நீ ஒண்ணும் சொல்லல. இம்புட்டுக்கும் அதுதான்யா காரணம்!"

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஒருத்தருக்கும் வரவில்லை. அழுகை நின்றதே தவிர பயம் நிற்கவில்லை. சாகாதவளுக்கு ஒப்பாரி வைத்துவிட்டோமே, அதுவே அவளைக் கொண்டுபோய்விடுமோ என்று உங்கள் தங்கச்சி புலம்பினாள். அந்த அரிசியைத் தொட மாட்டேன் என்றாள். அதைப் பொங்கினால் மகள் செத்ததை ஒத்துக்கொண்ட மாதிரியாம். பச்சைத் தண்ணியைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். என்னைப் போன்ற சோற்றுமாடே சாப்பிடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே நீங்கள் மதுரை பஸ் ஏறினீர்கள். அங்கிருந்து மண்டபம் அகதி முகாமுக்கு. வந்து இறங்குகிறவர்களில் பதுளைப் பக்கத்து ஆள் யாராவது இருப்பார்கள், விசாரித்து வருகிறேன் என்றீர்கள். அப்போதே உங்களுக்கு இருமல். மதினி கம்பளியை எடுத்து நீட்டினார்கள், கடற்கரைக்கு எதற்குக் கம்பளி என்று விட்டுவிட்டுப் போனீர்கள்.

அந்த வாரக் கடைசியில் திரும்பி வந்தீர்கள். உங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்.

"பதுளை ஆளு ஒருத்தரப் பாத்தேன் தங்கச்சி. நம்ம தெய்வானைய அவரு கண்ணால பாத்திருக்காரு. புருசன், புள்ளைக எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்காக. போலீசுக் காவலெல்லாம் போட்டிருக்காம். அப்பனுக்கு முட்டிவலி எப்பிடியிருக்குன்னு கேட்டுவரச் சொல்லுச்சாம்."

உங்கள் தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே மூலைக்குப் போய் அந்த அரிசியை அள்ளி உலையில் போட்டாள். புளிக்குழம்பு கொதித்தது. நாம் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள். அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் அவள் எனக்குத் தங்கியிருக்க மாட்டாள்.

புரட்டாசியில் கடுதாசி வந்தது. உயிரோடு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் இல்லை, ஒரு சிங்களக் குடும்பம் தங்கள் வீட்டுப் பின்கட்டில் எல்லாரையும் ஒளித்துவைத்திருந்தது. மறு வருசம் பிள்ளைகளையும் புருசனையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து சேர்ந்தாள். ரோட்டில் இறங்கியதும் நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். நீங்களும் கூடவே வந்தீர்கள்.

"ஐயா, காலுக்கு என்னாச்சு?" என்று பதறினாள்.

மில் மூடிக்கிடந்த ஒரு மாசம் ஏலக்காய் எடுக்கப் போய், ஜீப்பிலிருந்து மூட்டையோடு மூட்டையாக நான் உருண்டு முட்டி பெயர்ந்தது இங்கே வந்த பிறகு. மகள் கவலைப்படுவாள் என்று அதை ஒரு கடுதாசியிலும் எழுதவில்லை.

"அதான் நீ அன்னைக்கே கேட்டுவிட்டியேடி, மண்டபத்துக்கு வந்த ஆளுகிட்ட" என்றாள் உங்கள் தங்கச்சி.

"நானா? எந்த ஆளு?"

உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. நான் உடனே "அய்யோ என் காலு" என்று பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் தொப்பென்று உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரிக்க, பொம்பளைகள் என்னைத் தூக்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதற்கப்புறம் யாரும் அதைக் கிளறவில்லை.

நீங்கள் மட்டும் மறக்கவில்லை. போன மார்கழியில் நெஞ்சு கட்டிக்கொண்டு கிடந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "தம்பி, அன்னைக்கு மண்டபத்துல பதுளை ஆளு யாரும்..." என்று ஆரம்பித்தீர்கள். "தேத்தண்ணி ஆறுதுண்ணே, குடிங்க" என்று டம்ளரை வாயில் வைத்துவிட்டேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இப்போது பெரட்டை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு நாற்பது வீடும் மனப்பாடம். எனக்குப் பத்து வீட்டுக்கு மேல் தடுமாறுகிறது. நான் கூப்பிட மறந்த வீட்டுக்காரன் "அப்ப எனக்கு அரிசி வருமா வராதா?" என்று சண்டைக்கு நிற்கிறான். அரிசி மட்டும் நிற்கவில்லை. படகில் வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள், மாசாமாசம் ஒரு மூட்டை மண்டபத்துக்கு லாரியில் போகிறது. மூட்டையைத் தைக்கும்போதெல்லாம் அந்தப் புளிக்குழம்பு நினைவு வருகிறது.

என்னை ஏமாற்றிச் சாப்பிடவைத்துவிட்டோமே என்ற பாரத்தோடுதான் நீங்கள் போயிருப்பீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. தேத்தண்ணியை வாயில் வைப்பதற்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் முட்டிவலி என்று சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரியும் அண்ணே. தெரிந்துதான் தட்டை நீட்டினேன். தெரிந்துதான் மறுசோறும் வாங்கினேன்.