முருகம்மாளைச் சுற்றி எடுத்த படம்

ஜனவரி 6, திங்கள்

மாதா சிலைக்கு முதுகு வேண்டாமாம். "மாடத்துக்குள்ள நிக்கப்போற சுரூபத்துக்கு முதுகு எதுக்கு செலின்?" என்கிறார் கோயில் கமிட்டி ஆல்பர்ட். சிலை செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து இதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். சிமெண்டில்தானே கூடாது? போனில் செய்கிறேன். ஆளை நடுவில் நிறுத்தி, நான் சுற்றி வந்து அடிக்கொரு படம். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டினால் முகம், தோள், முதுகு, மறுபடி முகம் — மொத்த ஆளும் பாய் விரித்த மாதிரி வந்துவிடும். வருமா? பார்க்கலாம்.

ஜனவரி 9

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து முருகம்மா பெரியம்மாவை நிற்கச் சொன்னேன். பந்தலுக்கடியில் குலை வெட்டுவதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "சீக்கிரம் முடி ஆத்தா, கை கடுக்குது." எனக்குச் சீக்கிரம் வராது.

ஒட்டி முடித்த படத்தின் இடது ஓரத்தில் சிரிக்கிறார், கை உயரத்தில். வலது ஓரத்தில் அதே முகம் என்னை முறைக்கிறது, கை சரிந்துவிட்டது. நடுவில் அகலமாக முதுகு. எந்தச் சிலையிலும் எனக்கு இது வந்ததில்லை. சந்தோஷத்தில் சமைக்கவில்லை. வீட்டுக்காரர் அருண் ஜோசப் முணுமுணுத்துக்கொண்டே புரோட்டா வாங்கி வந்தார்.

ஜனவரி 17

தேனிக் கலைக் கண்காட்சியில் என் சிலைகளோடு இந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள்! பெரிதாக பிளக்ஸ் அடிக்கக் கம்பம் டவுனில் கொடுத்தாயிற்று.

ஜனவரி 21

பெரியம்மாவின் மகன் தங்கப்பாண்டியன் என் சிலைப் பட்டறை வாசலில் நின்று கத்தினான். தோட்டம் அவன் பேரில்தான். "எங்காத்தாவ எடப்பக்கமாச் சுத்தியிருக்கீக. பொணத்தத்தான் அப்பிடிச் சுத்துவாக! இப்ப காய்ச்சல்ல கெடக்கு. படத்த அழிங்க."

எனக்குத் தோன்றவே இல்லை. களிமண் பிடிக்கும்போது என் கால் எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்றும். எங்கள் வீட்டுச் சாவுகளில் குடம் உடைத்துச் சுற்றும் வழக்கமும் கிடையாது. காய்ச்சல் ஊர் முழுக்க இருக்கிறது, அதற்கும் நான்தான் காரணமா?

ஜனவரி 22

"வலப்பக்கமா இன்னொருக்கா எடுத்துட்டாப் போச்சு. என்ன கெட்டுப்போச்சு?" — அருண். கெட்டுப்போகுமே! அந்தக் கை மறுபடி அதே மாதிரி சரியுமா? அழிக்க மாட்டேன். பெரியம்மா தன் வாயால் சொன்னால் அழிப்பேன். மகன் சொல்லி இல்லை.

ஜனவரி 27

தேனியிலிருந்து போன். தங்கப்பாண்டியன் அங்கேயும் பேசியிருக்கிறான். பிரச்சனை வேண்டாமாம், சிலைகளை மட்டும் கொண்டு வரச் சொல்கிறார்கள். முடியாது என்று வைத்துவிட்டேன். வச்சிட்டு அழுதேன், அது வேற. எனக்குப் பட்டறை இருக்குல்ல? அங்கன மாட்டுறேன். எவன் கேக்குறான்னு பாப்போம்.

ஜனவரி 29

பெரியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதாம். தங்கப்பாண்டியன் வெளியே போன நேரம் பார்த்து பிளக்ஸைச் சுருட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் விரித்தேன். பெரியம்மா முகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் குந்தி, முதுகைத் தடவினார்.

"இம்புட்டா கூனிப்போனேன்?"

"எடப்பக்கமாச் சுத்திட்டேன் பெரியம்மா. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே கிழிச்சிர்றேன்." வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ?

"பொணமாட்டம் சுத்திட்டாகன்னு குதிக்கிறானே, உசுரோட இருக்கயில இந்த முதுக ஒருநா பாத்திருப்பானா? நீ மாட்டு ஆத்தா."

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்து பட்டறையில் நல்ல கூட்டம். பாதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். பெரியம்மா நல்ல சேலை கட்டி வந்து, படத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் தங்கப்பாண்டியன் வந்தான். படத்தின் பக்கம் திரும்பவில்லை.

"ஏத்தா, லாரி வந்து நிக்குது. குலை வெட்டணும், வா."

"ஆளு வச்சு வெட்டிக்க" என்றார் பெரியம்மா. பிறகு என்னிடம் டீ கேட்டார்.