மஞ்சள் பூவுக்கு அப்பா சொன்ன யெஸ்

நியூ ஜெர்சி
ஜூலை 1998

அன்புள்ள மகன் சாருஜனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி தர்சனா எழுதுவது.

அப்பாவின் சப்பாத்து நூலில் ஒரு சின்ன மஞ்சள் பூ சிக்கிக்கொண்டு வந்ததைத் தங்கச்சிதான் முதலில் கண்டாள். நீ டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்புத்தான். வேலையில் பெட்டி அடுக்கி அடுக்கி என் வலக்கை விறைத்துப் போகிறது, பேனை நிற்குதில்லை, அதுதான் எழுத்து அவளுடையது.

அந்தப் பூவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அப்பா வேலை செய்யும் கிரான்பெரிப் பழத் தோட்டத்துக்குப் பின்னால் பைன் காட்டுக்குள் ஒரு சதுப்பு, தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி நிற்கும். பாசி உக்கிப்போன புளித்த மண், வேறொன்றும் ஒழுங்காய் முளைக்காது, இது மட்டும் புல்லுக்குள்ளிருந்து கதிர் கதிராய், நட்சத்திரம் நட்சத்திரமாய்ப் பூக்கிறது. கடைப்பூ வாங்கிக் கட்டுப்படியாகுமே, சாமிப் படத்துக்கு ரெண்டு கதிர் பிடுங்கிக்கொண்டு வாங்கோவன் என்று கேட்டது நான்தான். போன வெள்ளிக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். பிடுங்கிக்கொண்டு நிற்க, காட்டுக்குப் பொறுப்பான ஆபீசர் வந்துவிட்டார். இது அழிந்துகொண்டு போகிற பூ, சட்டப்படி தொடக்கூடாது, தெரியுமா என்று கேட்டாராம். அப்பா, யெஸ் சேர். தெரிந்துகொண்டுதான் பிடுங்கினாயா என்றாராம். அதற்கும் யெஸ் சேர். இங்கே யார் எதைக் கேட்டாலும், விளங்காவிட்டாலும், எங்கட ஓம் ஓம்தானே அவருக்கு யெஸ் யெஸ். ஆபீசர் அப்பாவின் பெயரையும் எங்கள் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, பிறகு போனில் முடிவு சொல்வதாக ஒரு கார்ட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இனிப் பிள்ளையாருக்கு பிளாஸ்டிக் பூத்தான்.

தங்கச்சிக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது, வாய் வரவில்லை. அவளை ஏசாதே. வாய் திறந்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றுதானே பள்ளிக்கூடத்தையே விட்டவள், கடையில் பால் எங்கே என்று கேட்கவும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். இதை எழுத மாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டாள், எழுதடி என்றேன், எழுதுகிறாள்.

செப்டம்பரில் எங்கள் அகதி வழக்கு. சட்டத்தைத் தெரிந்தே மீறினவர் என்று பதிந்துவிட்டால் ஜட்ஜ் என்ன நினைப்பார். அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்புகிறார். இஞ்சாரும், ஒரு பூவுக்காக எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ என்று கேட்கிறார். அந்த ஆபீசர் எடுப்பார் என்று நாள் முழுக்கப் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார், வேறு யாரையும் எடுக்க விடுகிறாரில்லை, அதனால்தான் உனக்குப் போனில் சொல்லவில்லை. கார்ட்டில் உள்ள நம்பரைத் தங்கச்சி கீழே எழுதுவாள். நீ எடுத்து, அப்பாவுக்குக் கேள்வி விளங்கவில்லை, பூ சாமிக்குத்தான் என்று உன் நல்ல இங்கிலீஷில் சொல்லு.

வெறும் கோப்பியில் கிடக்காதே, நித்திரைத் தூக்கத்தோடு ஃப்ரீவேயில் கார் ஓடாதே. பிள்ளையார் உனக்குத் துணையிருப்பார். போன் எடுக்க மறந்துவிடாதே ராசா.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
தவமணிதேவி

அண்ணா, நம்பர் எழுதவென்று கார்ட்டை எடுத்தேன். அப்பா போனுக்குப் பக்கத்தில் இருந்தார். நம்பரை இதில் எழுதவில்லை. அந்த ஆபீசருக்கு நானே போன் எடுத்தேன்.