எட்டாவது எடிட்டர்

எழுத்தாளரம்மாவுக்கு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. சோறு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பத்து மணிக்கு பிளம்பர் வருவார். மொட்டைமாடிச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

நேற்று நீ ஃபோனில் கதை எழுத ஏழாவது இலவச எடிட்டர் ஆப்பை இறக்கியபோது, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று வாய் தவறிச் சொன்னேன். உடனே நீ ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாய். காலையில் நானே அந்த ஏழு எடிட்டரையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் கொலை நடக்கிற இடத்தில் சோப்பு விளம்பரம். இன்னொன்றில் கொம்பெல்லாம் எழுத்தோடு கோபித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. கூடம் நிஜமாகவே கோணல்தான், தாயே!

எட்டாவதாக ஒன்று இறக்கி வைத்திருக்கிறேன். விளம்பரம் இல்லை. எழுதியதைத் தானே சேமித்துக்கொள்கிறது. சரிபார்க்க உன் முதல் அத்தியாயத்தை அதில் போட்டேன். கேட்காமல் படித்தது தப்புதான். ஒரு வரி பார்க்கலாம் என்று ஆரம்பித்து, முழுவதும் படித்து, பஸ்ஸைக் கோட்டைவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். உன் கதையில் செத்துப்போகும் மருந்துக்கடைக்காரன் அதற்கு முன் குறட்டை விடுகிறான், ஈரத் துண்டை நாற்காலியில் போடுகிறான். யாரம்மா அவன்?

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் மருந்துக்கடைக்காரன்

பி.கு: துண்டைக் கொடியில் போட்டுவிட்டேன்.

இன்னொன்று: ரொம்ப நன்றாக எழுதுகிறாய். நேற்றுச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே. சாயங்காலத்துக்குள் அடுத்த அத்தியாயம் வேண்டும். எனக்குப் பெண்டாட்டி மேல்தான் சந்தேகம். ஆனால் அவள் மாட்டிக்கொள்ளக் கூடாது.