மறுகா

உ
யூனியன்வில், ரொறன்ரோ
11.05.1986

என் புள்ள தெய்வநாயகிக்கு,

நீயும் பரிமளமும் சுகம் என்று எழுதி வரும்வரை என் சுகம் அரைச் சுகம்தான்.

பனி கரைந்து மண் தெரிகிறது. அஜின்கோர்ட்டில் என்னோடு இருக்கிறவர்கள் எல்லாம் ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவப் போகிறார்கள். நான் மட்டும் பஸ் ஏறி வெண்டல் கிழவரின் தோட்டத்துக்கு வருகிறேன். வெள்ளாமைக்காரனுக்குக் கோப்பையைவிட மண் லேசு. மறுகா, இங்கே நெல் இல்லை, உருளைக்கிழங்குதான்.

வெண்டல் ஆட்கள் ஜேர்மன்காரர். கிழவரின் பூட்டனார் காலத்தில் கப்பலேறி வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பூட்டனாரின் தம்பி இங்கே வராமல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாராம். அண்ணனுக்கு இங்கே மரம் வெட்டி மாளவில்லை. தம்பிக்கு அங்கே கோதுமை விதைத்துவிட்டு வானம் பார்த்து மாளவில்லை. தம்பியின் பெண்சாதி களிமண்ணும் வைக்கோலும் காலால் மிதித்துக் குழைத்து வீட்டுக்குச் சுவர் எழுப்பினாளாம். அறுவடை முடிந்தால் ஒரு கடிதம் வருமாம். மறுகா ஒரு வருசம் வரவில்லை. செத்தாரோ, கோபமோ, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கிழவர் இதைப் போன கிழமை நடந்தது மாதிரிச் சொல்லிக் கவலைப்படுகிறார்.

உங்களை இங்கே கூப்பிடும் கடதாசிகள் சரிவரும் என்று லோயர் சொல்கிறார். தோட்டத்துப் பின்வீடு சும்மா கிடக்கிறது, குடும்பம் வந்தால் அதில் இருக்கலாம் என்கிறார் கிழவர். மறுகா, நம்மட முறைப்படி வீடு பொம்பிளைக்கு. நான் உன் வீட்டுக்கு வந்தவன். இனி நீ என் இடத்துக்கு வரவேண்டும். மனம் ஒப்புமா? யோசித்து எழுது.

உன்
சாமித்தம்பி


பழுகாமம்
29.06.1986

பரிமளத்தின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. எத்தனை ‘மறுகா’ என்று பரிமளம் விரல் விட்டு எண்ணிச் சிரித்தாள். ‘பிறகு’ என்று எழுத அப்பாவுக்கு வராதா என்கிறாள். வாயால் சொல்வது போதாதென்று எழுத்திலும் உங்களுக்கு அது வேண்டும்.

வெண்டல் கிழவருக்குச் சமைப்பது யார்? மகள், மருமகள் யாரும் இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். நவரட்ணமும் கனடா போன புதிதில் கிழமைக்கொன்று எழுதினான். பிறகு ‘வேலை கூட’, எழுத நேரமில்லை என்றான். இப்போது அங்கே வேறு குடும்பமாம். அவன் பெண்சாதி தபால்காரனைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். உங்களை நான் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆமிக்குப் பயந்து வட்டைப் பக்கம் வயலுக்கு ஆட்கள் போவதில்லை. இந்த முறை வெள்ளாமை இல்லை. இந்த வீட்டை விட்டு வருவது எனக்கு லேசான காரியம் இல்லை, அம்மா எனக்கென்று கட்டித் தந்தது. என்றாலும் வருகிறேன். வரச்சொன்ன வாயால் வேறு கதை சொல்லிவிடாதீர்கள். அந்த அவுஸ்திரேலியாத் தம்பி மாதிரி எழுதாமலும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
தெய்வநாயகி


ரொறன்ரோ
23.11.1986

அன்புள்ள மனைவி தெய்வநாயகி அறிவது,

நான் சுகம். கனநாள் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். கிழங்கு அள்ளும் காலம், வேலை கூட. குளிரில் கை விறைத்து எழுத்தும் மாறிக் கிடக்கிறது. அதையிட்டு யோசிக்க வேண்டாம்.

நீங்கள் வருவதை இப்போதைக்குத் தள்ளி வைப்போம். லோயரோடு பேந்து கதைக்கிறேன். இங்கே வசதி சரியில்லை. சொந்த வீட்டை விட்டு வந்து நீ கஷ்டப்படக் கூடாது. பேந்து ஆறுதலாக எல்லாம் எழுதுகிறேன். பரிமளத்தைக் கவனமாகப் படிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புக் கணவன்
சாமித்தம்பி


பழுகாமம்
04.01.1987

திரு. சாமித்தம்பி அவர்களுக்கு,

‘வேலை கூட’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் முன்னமே நவரட்ணத்தின் கடிதத்தில் வாசித்துவிட்டேன்.

பிள்ளையார் சுழி எங்கே? சுழி போடாமல் பால்காரனுக்குக்கூட நீங்கள் துண்டு எழுதியதில்லை. ‘புள்ள’ எங்கே? நான் எப்போது ‘மனைவி அறிவது’ ஆனேன்? எல்லாவற்றையும் விடுங்கள். இரண்டு இடத்தில் ‘பேந்து’ என்று இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு ‘மறுகா’கூட இல்லை. குளிருக்குக் கை விறைக்கலாம். சொல்லுமா விறைக்கும்?

பாலேஸ்வரி மாமிக்கு வாசித்துக் காட்டினேன். “அது யாழ்ப்பாணத்தார்ட கதை கா. உண்ட புரிசன் ஆரோட இரிக்கான்?” என்று கேட்டா.

ஒரு யாழ்ப்பாணத்துக்காரி உங்களுக்குப் பக்கத்தில் இருந்து எழுதித் தருகிறாள். அதனால்தான் வா என்ற வாய் வராதே என்கிறது. எனக்கு வந்த கடிதத்தையே அவள் கையால் எழுதுவித்தீர்களே, அதுதான் எரிகிறது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் ஆளைத் திட்ட வராது என்பதால் நாகேஸ்வரி என்று நானே வைத்துவிட்டேன். சோறு ஆக்கும்போதும் திட்டுகிறேன், கிணற்றடியிலும் திட்டுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். வந்தால் நம்புவேன். வராவிட்டால் இந்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது. வீடு பொம்பிளைக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தெய்வநாயகி


உ
ரொறன்ரோ
08.03.1987

புள்ள,

இது இடக்கை எழுத்து. வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது. புரட்டாசியில் கிழங்கு அள்ளும் மிசினில் மாட்டியது.

எழுதித் தந்தது பேனாட். என் அறையில் இருக்கிற யாழ்ப்பாணத்து வேதக்காரர், பிள்ளையார் சுழி போடாதவர். மீசை இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதினார். மறுகா என்று சொன்னேன். அவர் பேந்து என்று எழுதிவிட்டார். உன் கடிதம் வந்த பிறகு கேட்டேன். “ரெண்டும் ஒண்டுதானே அண்ணை” என்றார்.

கை இல்லாதவனுக்காக உன் வீட்டை விட்டு வா என்று எப்படிச் சொல்வேன். அதுதான் தள்ளிப் போட்டேன். சொல்ல வெட்கமாகவும் இருந்தது. வெண்டல் கிழவர் ஆஸ்பத்திரியில் வந்து அழுதார். பின்வீடு இன்னும் உங்களுக்குத்தான் என்கிறார். நீ நினைத்தபடி செய்.

கை நோகிறது. மறுகா

சாமி


பழுகாமம்
12.04.1987

பரிமளத்தின் அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தை நானும் பரிமளமும் சேர்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தோம். கோழி கிளறின மாதிரி இருந்தது. சுழியைக் கண்டதுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த வரியை வாசித்துவிட்டுப் பரிமளம் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை.

பேனாட் அண்ணையிடம் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றில்லை. அவருடைய எழுத்து வடிவுதான். என்றாலும் இனி எனக்கு நீங்களே கிறுக்குங்கள்.

உங்கள்மேல் கோபம் போகவில்லை. கை போனதை மறைத்து, என்னை ஒரு பொம்பிளையோடு சண்டை பிடிக்க விட்டீர்களே. இத்தனை மாதம் அந்த நாகேஸ்வரியைத் திட்டினேன். இன்று காலை அடுப்படியில் அவளை நினைத்துத்தான் அழுதேன். அவள் இருந்திருக்கக் கூடாதா என்று. அவள் இருந்திருந்தால் உங்கள் கை இருந்திருக்கும்.

லோயரிடம் போய்க் கடதாசியை நடத்துங்கள். வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். பின்வீட்டை நீங்கள் கூட்ட வேண்டாம், மூலையில் குப்பையை விட்டுவிடுவீர்கள். நான் வந்து கூட்டுகிறேன்.

‘மறுகா’ என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். மறுகா என்ன என்பதை அங்கே வந்து கேட்கிறேன்.

உங்கள்
புள்ள